கையெழுத்திட்ட நாடுகளும் கையெழுத்திடாத நாடும்: மேல்மொணவூரை முன்வைத்து

2025 செப்டம்பர் 5, மாலை. குடியாத்தம் வாசகர்

1951ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அதை விரிவாக்கிய 1967ஆம் ஆண்டின் நெறிமுறையிலும் இல்லை. வேலூரை அடுத்த மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் முகாமில் பாட்டி, மகள், பேத்தி என்று மூன்று தலைமுறை தேங்கிக் கிடப்பதற்கு இதுதான் காரணம் என்கிறேன். ஐரோப்பாவில் இருபத்தேழு நாடுகளுக்கும் ஒரே விதி. போய் இறங்கினால் விசாரணை, விசாரணை முடிந்தால் முடிவு. நாமும் கையெழுத்திட்டால் தீர்ந்தது. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

செப்டம்பர் 5, இரவு. பாபுராவ் தெரு வாசகர்

மறுக்கிறேன். ஐரோப்பாவில் விசாரணை ஒழுங்காக நடக்கலாம். ஆனால் அந்த விசாரணை மேசைவரை ஆள் வந்து சேரக் கூடாது என்பதற்குத்தான் அங்கே அதிக மூளை செலவாகிறது.

நான் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு எதிர்ப்புறத்தில் லாட்ஜ் நடத்துகிறேன். என் பிழைப்பே வங்காளம் பேசுகிறவர்களால்தான். கொல்கத்தாக்காரர்களும் டாக்காக்காரர்களும் கலந்து வருவார்கள். 2024 ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி கவிழ்ந்தது, இந்தியா விசாவைச் சுருக்கியது. கொஞ்ச நாளிலேயே எங்கள் தெருவின் மீன்குழம்புக் கடைகளில் பாதி மேசைகள் காலி. தில்லியில் யாரோ ஒருவர் விசாக் குழாயை எவ்வளவு திறக்கிறார் என்பதை நான் செய்தித்தாள் பார்க்காமலே சொல்வேன்.

வெளிநாட்டவருக்கு அறை கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் சி ஃபார்ம் என்ற அரசுப் படிவத்தைக் கணினியில் ஏற்ற வேண்டும். பாஸ்போர்ட் எண், விசா எண், எந்த வழியாக வந்தார், எப்போது வந்தார், இங்கிருந்து எங்கே போகிறார், எல்லாம் வேண்டும். சம்பளம் தராமலே அரசு என்னைக் குடியேற்ற அதிகாரியாக்கி வைத்திருக்கிறது. இந்த மாதம் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் தகவல் தரும் பொறுப்பை மருத்துவமனைகள்மீதும் கல்வி நிறுவனங்கள்மீதும் வைக்கிறது. ஆக, சி.எம்.சி.யும் வி.ஐ.டி. பல்கலைக்கழகமும் இருக்கும் இந்த ஊரில் வெளிநாட்டுக்காரன் படுக்கிற இடம், வைத்தியம் பார்க்கிற இடம், படிக்கிற இடம் மூன்றிலும் எல்லைச் சாவடி உண்டு.

ஐரோப்பா செய்வதும் இதேதான், இன்னும் தள்ளி நின்று செய்கிறது. விசா இல்லாதவரை ஏற்றி வந்தால் விமான நிறுவனத்துக்கு ஆயிரக்கணக்கான யூரோ அபராதம். எனவே கொழும்பு விமான நிலையத்தில் போர்டிங் பாஸ் கொடுக்கும் பெண்ணே தடுத்துவிடுவாள். விமானம் மாறுவதற்காக மட்டும் ஐரோப்பிய விமான நிலையத்தில் சில மணி நேரம் உட்காரவேண்டுமென்றாலும் பன்னிரண்டு நாட்டவர்களுக்குத் தனியாக விசா வேண்டும். அந்தப் பட்டியலில் இலங்கை உண்டு, ஆப்கானிஸ்தான், சோமாலியா, எரித்ரியா எல்லாம் உண்டு. எந்த நாடுகளிலிருந்து மக்கள் உயிருக்குப் பயந்து ஓடுகிறார்களோ அவற்றில் பல அங்கே இருப்பது தற்செயல் என்று நான் நம்பத் தயாரில்லை.

உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு, ஆபத்திலிருந்து நேராகத் தப்பி வந்து உடனே அதிகாரிகளிடம் காரணம் சொல்பவரை, அனுமதியின்றி நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அவரை ஏற்றி வந்த விமானத்தைத் தண்டிக்கக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை.

செப்டம்பர் 6. காட்பாடி வாசகர்

லாட்ஜ் கவுண்டர்தான் எல்லை என்றால் உங்கள் ரிசப்ஷன் பையனுக்கு ஒரு தொப்பியும் விசிலும் வாங்கிக் கொடுங்கள் அண்ணன். இன்னொன்று: இருபத்தேழுக்கும் ஒரே விதி இல்லை. டென்மார்க் புகலிட விதிகளில் பெரும்பாலானவற்றிலிருந்து விலகி நிற்கிறது. குடியாத்தத்தார் திருத்திக்கொள்ளவும்.

செப்டம்பர் 6, பிற்பகல். பாபுராவ் தெரு

தொப்பி வேண்டாம். அவனுக்கு ஏற்கெனவே அதிகாரத் தோரணை அதிகம்.

அவனை வைத்தே ஒரு சம்பவம். வேறு மாவட்டத்து இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து ஒரு குடும்பம் சி.எம்.சி.க்கு வந்தது. மனைவிக்குக் கழுத்தில் கட்டி. கணவர் ஆதார் அட்டையை நீட்டினார், கூடவே முகாம் அட்டையையும் நீட்டினார். நேர்மையான மனிதர், இரண்டாவதைக் காட்டாமலே இருந்திருக்கலாம். பையன் முகாம் அட்டையைப் பார்த்ததும் சி ஃபார்மைத் திறந்துவிட்டான். நாடு: இலங்கை. பாஸ்போர்ட் எண்? இல்லை. விசா எண்? இல்லை. இந்தியாவுக்குள் வந்த நாள்? "தொண்ணூறில், ராமேஸ்வரம், படகு" என்றார். அந்த அம்மாள் இங்கேயே பிறந்தவராம். அவருக்கு "வந்த நாள்" என்ன போடுவது? கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டங்கள் நிரம்பாமல் கணினி அடுத்த பக்கத்துக்கு நகரவில்லை.

காவல் நிலையத்துக்குப் போன் செய்தேன். முகாம் ஆள் என்றால், முகாம்களைக் கண்காணிக்கும் போலீஸின் க்யூ பிரிவு பார்த்துக்கொள்ளும் என்றார்கள். முகாமிலிருந்து வெளியே தங்க அனுமதிக் கடிதம் வாங்கி வந்திருந்தார். முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாளுக்குள் திரும்பாவிட்டால் அரசு மாதாமாதம் தரும் பணக்கொடை நின்றுபோகும் என்ற கவலைதான் அவருக்கு, கட்டியைப் பற்றிக்கூட இரண்டாவதாகத்தான் பேசினார். சாதாரணப் பதிவேட்டில் ஆதார் எண்ணை எழுதி அறையைக் கொடுத்தேன்.

டாக்காவிலிருந்து நேற்று வந்திறங்கியவருக்கு இந்தப் படிவத்தில் எல்லாக் கட்டமும் நிரம்புகிறது. முப்பத்தைந்து ஆண்டாக ரேஷன் அரிசி வாங்குகிறவருக்கு ஒன்றுகூட நிரம்பவில்லை.

செப்டம்பர் 6, இரவு. குடியாத்தம் வாசகர்

டென்மார்க்கைத் திருத்திக்கொண்டேன். ஆனால் ஐயா, உங்கள் கதை என் பக்கம்தான் பேசுகிறது. சட்டம் இல்லாததால்தான் கட்டம் இல்லை.

செப்டம்பர் 8. பாபுராவ் தெரு

பாதி ஒப்புக்கொள்கிறேன். மறு பாதிக்கு, புகலிட மனுவை எந்த நாடு விசாரிப்பது என்று சொல்லும் ஐரோப்பாவின் டப்ளின் விதியைப் பார்ப்போம். பகிர்ந்துகொண்ட விதி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

உள்ளே எல்லையை எடுத்துவிட்டார்கள்: 1985இல் ஷெங்கன் ஒப்பந்தம், 1995இல் நடைமுறை. உள்ளே எல்லை இல்லையென்றால் வெளி எல்லையை யார் காப்பது, வந்தவரின் மனுவை யார் விசாரிப்பது என்ற கேள்வி வரும். பதில்: குடும்பம் வேறு நாட்டில் இருப்பது போன்ற காரணம் இல்லையென்றால், முதலில் கால் வைத்த நாடு. ஜெர்மனிக்கும் நெதர்லாந்துக்கும் நல்ல ஏற்பாடு. அவர்களைச் சுற்றிலும் மற்ற நாடுகள் இருக்கின்றன, கடல் வழியாக யாரும் நேராக அங்கே போய்ச் சேருவதில்லை. கிரேக்கமும் இத்தாலியும் மாட்டிக்கொண்டன. அவை என்ன செய்தன? தங்கள் மண்ணில் முதலில் இறங்கியதற்குச் சாட்சியாகும் கைரேகையை எடுக்காமல் வடக்கே கைகாட்டி அனுப்பின என்று வடக்கத்திய நாடுகள் குற்றம் சாட்டின. வடக்கே போய்ச் சேர்ந்தவரை ஆறு மாதத்துக்குள் திருப்பி அனுப்ப முடியாவிட்டால் பொறுப்பு அந்த நாட்டின் தலையிலேயே விழும். அதனால் ஒருவர் மற்றவரிடம் தள்ளும் ஆட்டம் ஓயவே இல்லை.

2015இல் ஜெர்மனி ஆஸ்திரிய எல்லையில் மீண்டும் சோதனையை ஆரம்பித்தது. தற்காலிகம் என்றார்கள். இன்னும் நடக்கிறது. 2024 செப்டம்பரில் எல்லாத் தரை எல்லைகளுக்கும் விரித்துவிட்டார்கள்.

2024இல் ஐரோப்பிய ஒன்றியம் புகலிடம் பற்றிய புதிய உடன்பாடு ஒன்றை நிறைவேற்றியிருக்கிறது, 2026 ஜூன் 12 முதல் செயல்படும். முதலில் கால் வைத்த நாடு என்ற அடிப்படை அதிலும் இருக்கிறது. மற்ற நாடுகள் ஏதாவது ஒரு விதத்தில் பாரத்தில் பங்கெடுக்க வேண்டும்: ஆளை ஏற்கலாம், அல்லது ஆளுக்கு 20,000 யூரோ கட்டலாம், அல்லது வேறு விதத்தில் உதவலாம். ஆளை ஏற்கவும் மாட்டோம், பணமும் தரமாட்டோம் என்று ஹங்கேரி இப்போதே சொல்கிறது. ஏற்கெனவே புகலிட விதியை மீறியதற்காக 2024 ஜூனில் ஐரோப்பிய நீதிமன்றம் அதற்கு 20 கோடி யூரோ அபராதம் போட்டது, கீழ்ப்படியாத ஒவ்வொரு நாளுக்கும் மேலும் 10 லட்சம். போலந்து இந்த மார்ச்சில் பெலாருஸ் எல்லையில் புகலிட மனு வாங்குவதையே நிறுத்திச் சட்டம் செய்தது. இவர்கள் எல்லாரும் 1951க்குக் கையெழுத்திட்டவர்கள்.

செப்டம்பர் 8, இரவு. ஆம்பூர் வாசகர்

பெரிய பேச்சு. நம் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள். தண்ணீரில்லா ஆறு, சாமியில்லாக் கோயில், ராஜா இல்லாக் கோட்டை என்று வேலூருக்குப் பெயர். எல்லை பற்றிப் பேச நமக்கு என்ன தகுதி?

செப்டம்பர் 9. பாபுராவ் தெரு

ஆம்பூர் பாய், பழமொழி பழசாகிவிட்டது. ஜலகண்டேசுவரர் 1981இல் கோயிலுக்குள் வந்துவிட்டார். ராஜாவும் கோட்டையில் இருந்தார், கைதியாக. கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை ஆங்கிலேயர் பிடித்து இங்கே கொண்டுவந்து அடைத்தார்கள். 1832இல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரை முத்துமண்டபத்தில்தான் கல்லறை இருக்கிறது. பாலாறு மட்டும் பழமொழிக்கு அவ்வப்போது விசுவாசமாக இருக்கிறது.

தலைப்புக்கு வெளியே போவதாக நினைக்க வேண்டாம். 1815இல் எழுதிய கண்டி ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். அரசரின் ஆண் உறவினர்கள் எழுத்து அனுமதி இல்லாமல் கண்டிச் சீமைக்குள் நுழையக் கூடாது, நுழைந்தால் ராணுவச் சட்டப்படி தண்டனை. வெளியேற்றப்பட்ட மலபார் ஆண்கள், அதாவது தமிழகத்திலிருந்து போன நாயக்கர் வம்சத்தோடு சேர்ந்தவர்கள், திரும்பி வரவும் அதே தடை. பாஸ்போர்ட் என்ற சாமான் நம் பக்கத்தில் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே, எந்த இனத்தான் கடலைக் கடக்கலாம் என்று தாளில் எழுதிவிட்டார்கள். அப்படித் துரத்தப்பட்டவர்களை வைத்த இடம் வேலூர்.

அதே கோட்டையில் தொண்ணூறுகளில் இலங்கைத் தமிழர்களுக்குச் சிறப்பு முகாம் வைத்தார்கள். சிறப்பு என்றால் பூட்டு என்று பொருள். 1995 ஆகஸ்டில் புலிகள் இயக்கத்தினர் 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பிப் போனார்கள். அப்போது ஊர் பட்ட பாடு என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். லாட்ஜ் லாட்ஜாகச் சோதனை. இலங்கைத் தமிழ் பேசினாலே கதவு சாத்தினார்கள். சாதாரண முகாம்களில் இருந்துகொண்டு கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த, அந்தச் சுரங்கத்தைப் பற்றிப் பத்திரிகையில் படித்து மட்டுமே தெரிந்துகொண்ட குடும்பங்களும் அதற்கு விலை கொடுத்தன.

செப்டம்பர் 9, மாலை. காட்பாடி

கைதியும் அகதியும் ஒன்றா அண்ணன்? குழப்பாதீர்கள்.

செப்டம்பர் 9, மாலை. பாபுராவ் தெரு

நான் குழப்பவில்லை தம்பி. இரண்டையும் வெளிநாட்டவர் சட்டம் என்ற ஒரே அலமாரியில் அடுக்கியது அரசு. 1946இல் செய்த அந்தச் சட்டத்தில் அகதி என்ற வகையே கிடையாது. இப்போது வந்திருக்கும் புதிய சட்டத்திலும் இல்லை.

செப்டம்பர் 13. பாபுராவ் தெரு

குடியாத்தத்தாரின் "போய் இறங்கினால்" என்ற நிபந்தனைக்கு மீண்டும் வருகிறேன். நம் பக்கத்திலிருந்தே போனவர்கள் கதை இரண்டு.

2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து 157 தமிழர்கள் ஒரு படகில் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார்கள், குழந்தைகளும் உண்டு. ஆஸ்திரேலியா 1951க்குக் கையெழுத்திட்ட நாடு. கரைக்கு வெளியிலேயே படகை மறித்து, ஆட்களைச் சுங்கக் கப்பலில் ஏற்றி, ஏறக்குறைய ஒரு மாதம் கடலிலேயே வைத்திருந்தது. இந்தியாவிடமே திருப்பிக் கொடுக்கப் பார்த்தது. நடக்கவில்லை, நவுரு தீவுக்கு அனுப்பியது. வழக்கு அந்நாட்டு உயர்நீதிமன்றம்வரை போனது. அவர்களுக்கு அதுதான் உச்ச நீதிமன்றம். 2015 ஜனவரியில் நான்குக்கு மூன்று என்ற கணக்கில், கடலில் பிடித்து வைத்தது சட்டப்படி சரி என்று தீர்ப்பு வந்தது.

அடுத்தது இந்தியப் பெருங்கடலில் இருக்கும் தியேகோ கார்சியா தீவு. 2021 அக்டோபரில் கனடாவை நோக்கிப் போன தமிழர்களின் படகு பழுதாகி, பிரிட்டிஷ் வசமிருந்த அந்தத் தீவில் கொண்டுபோய் விடப்பட்டார்கள். ராணுவத் தளம் மட்டும் இருக்கும் தீவு. பிரிட்டன் 1951க்குக் கையெழுத்திட்டிருக்கிறது, ஆனால் அந்தத் தீவுக்கு உடன்படிக்கையை நீட்டவில்லை. பிரிட்டனின் கொடி உண்டு, கையொப்பம் செல்லாது! கூடாரத்தில் எலிகளோடு மூன்று ஆண்டு. 2024 டிசம்பரில்தான் பெரும்பாலோரை லண்டனுக்குக் கொண்டுபோனார்கள்.

இங்கேயிருந்து ஏன் படகேறுகிறார்கள் என்று எங்கள் தெரு டீக்கடையில் கேட்கிறார்கள். அரிசி கிடைக்கிறதே, வீடு கட்டிக் கொடுக்கிறார்களே என்று. கொடுக்கிறார்கள்தான், குறை சொல்லவில்லை. 2021 நவம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் மேல்மொணவூருக்கே வந்து முகாம் வீடுகளுக்கு அடிக்கல் நாட்டினார். தகரக் கூரைகள் போய்க் கான்கிரீட் வந்ததை நெடுஞ்சாலையில் போகிறவர்களே பார்க்கலாம். குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு ஆயிரம், குழந்தைகளுக்கு 500. எந்த ஐரோப்பிய நாட்டிலும் படகில் வந்தவர்களை நாற்பது ஆண்டு இப்படி ஊரோடு ஊராக வைத்ததாக நான் படித்ததில்லை. ஆனால் முகாமில் பிறந்த பையன் என்ஜினியரிங் முடித்தால் பாஸ்போர்ட் கிடையாது, அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது, தன் பெயரில் நிலம் வாங்க முடியாது. படித்தவன்தான் படகைத் தேடுகிறான்.

செப்டம்பர் 14. குடியாத்தம் வாசகர்

தியேகோ கார்சியா வழக்கில் அந்தப் பிரதேசத்து நீதிமன்றமே 2024 டிசம்பரில், அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. அதை ஏன் விட்டீர்கள்?

செப்டம்பர் 16. பாபுராவ் தெரு

நல்ல அடி. இரண்டு நாள் யோசித்தேன்.

ஆமாம், ஏமாற்றுகிற நாடாக இருந்தாலும் கையெழுத்திட்டிருந்தால், ஏமாற்றியதாக வழக்குப் போட ஓர் இடம் கிடைக்கிறது. ருவாண்டாவுக்கு அகதிகளை விமானத்தில் அனுப்பும் பிரிட்டனின் திட்டத்தை 2023 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தடுத்தது. ருவாண்டாவிலிருந்து அந்த அகதிகள் ஆபத்துள்ள சொந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பப்படலாம் என்பதுதான் காரணம். அகதிகள் உடன்படிக்கையின் 33ஆவது பிரிவின் சாரமே அதுதான்: உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பித் தள்ளாதே. அந்த ஒரு பிரிவுக்காக மட்டும் கையெழுத்திடலாம் என்று இப்போது சொல்வேன். முதல் நாள் இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

இந்தியாவில் என்ன இருக்கிறது? 1996இல் அருணாசலப் பிரதேசச் சக்மா அகதிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு குடிமகனுக்கு மட்டுமல்ல, இம்மண்ணில் இருக்கும் எவருக்கும் பொருந்தும் என்றது. 2021இல் ரோஹிங்கியா வழக்கில் அதே நீதிமன்றம், நாடு கடத்தப்படாமல் இருக்கும் உரிமை குடிமக்களுக்கான உரிமையோடு சேர்ந்தது என்று சொல்லி இடைக்காலத் தடை தர மறுத்தது. இந்த மே மாதம், தண்டனை முடித்த ஓர் இலங்கைத் தமிழர் தன்னை அனுப்ப வேண்டாம் என்று கேட்டபோது, இந்தியா உலகெங்குமுள்ள அகதிகளை ஏற்கத் தர்மசத்திரமல்ல என்று நீதிபதி சொன்னார். அறை வாடகைக்கு விடுகிறவன் என்ற முறையில் ஒரு ஆட்சேபம்: சத்திரத்தில் ஆள் இரண்டு மூன்று நாள் தங்கிவிட்டுப் போய்விடுவான். முப்பத்தைந்து ஆண்டு ஒருவனை வைத்துக்கொண்டு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் கட்டிக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தைச் சத்திரம் என்றும் சொல்லக் கூடாது, சத்திரம் இல்லை என்றும் சொல்லக் கூடாது.

இந்த மாதம் மத்திய அரசு போட்ட ஆணைக்கு வருவோம். 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு. நல்லது. புதிய சட்டத்தில் அந்தக் குற்றத்துக்கு ஐந்து ஆண்டு சிறை, ஐந்து லட்சம் அபராதம் வரை போகலாம், அதிலிருந்து தப்பினார்கள். குடியுரிமை அதில் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் மட்டும்தான். இலங்கை இல்லை. ஜெயிலில் போடமாட்டேன், வீட்டு ஆளாகவும் எடுக்கமாட்டேன். இதுதான் இன்றைய நிலை.

செப்டம்பர் 17. ஆம்பூர்

திருப்பி அனுப்பினால் என்ன? போர் முடிந்து பதினாறு வருடம் ஆயிற்று.

செப்டம்பர் 17, இரவு. பாபுராவ் தெரு

போக விரும்புகிறவர் போகட்டும், போகிறவர்களும் இருக்கிறார்கள். 1995 மார்ச் வரை அரசே ஏற்பாடு செய்து ஏறத்தாழ ஒரு லட்சம் பேரை அனுப்பியது. ராஜீவ் கொலைக்குப் பின் தொடங்கிய அந்த வேலையில் கட்டாயம் இருந்தது என்று குற்றச்சாட்டு வந்தது. போகிறவர் விரும்பித்தான் போகிறாரா என்று கேட்டுச் சரிபார்க்க 1992இல் ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்தது. கையெழுத்திடாத நாட்டுக்குள் ஐ.நா. அலுவலகம், வேடிக்கைதான். சட்டம் இல்லாமல் வழக்கத்தில் நடக்கும் விஷயங்கள் நம் நாட்டில் நிறைய.

முகாமில் இருப்பவர்களில் கணிசமானோர் இலங்கையின் மலையகத் தமிழர். அவர்களுடைய முன்னோரைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஏற்றிப் போனதே தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்துதான். 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் உட்கார்ந்து ஒன்பதே முக்கால் லட்சம் பேரைப் பிரித்துக்கொண்டார்கள்: 5.25 லட்சம் இந்தியாவுக்கு, 3 லட்சம் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பிறகு பார்க்கலாம் என்று. 1974இல் அந்த மீதியையும் பாதிப் பாதி. தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு யாரும் கேட்கவில்லை. அந்தக் கணக்கில் இந்தியா ஏற்க வேண்டிய பலர், காகிதம் முடியும் முன்பே கலவரத்தில் படகேறி வந்தார்கள். வந்ததும் அகதி என்று எழுதிவிட்டார்கள். இவர்களை எந்த ஊருக்குத் திருப்பி அனுப்புவது, பாய்?

செப்டம்பர் 20. ஒரு புதிய வாசகர்

அண்ணன், நான் முகாமில் பிறந்தவன். இவ்வளவு நாள் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஏதாவது வழி இருக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள்.

செப்டம்பர் 20, இரவு. பாபுராவ் தெரு

தம்பி, நான் வக்கீல் இல்லை. படித்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் எந்த ஆண்டு பிறந்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்திருந்தால், பெற்றோர் யாராக இருந்தாலும் பிறப்பால் குடிமகன். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் தரச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது. 2024 தேர்தலில் அவர் வாக்களித்தார். உங்கள் வயது தெரியவில்லை. அண்ணனோ அக்காளோ அந்தத் தேதிக்கு முந்தியவராக இருந்தால் அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

அதற்குப் பின், 2004 டிசம்பர் 3க்கு முன் பிறந்திருந்தால் தாய் தந்தையில் ஒருவர் அப்போது இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். தாயார் உள்ளூர்க்காரராக இருந்து கலியாணம் செய்துகொண்டிருந்தால் அவருடைய பிறப்புச் சான்றும் பள்ளிச் சான்றும் எடுங்கள். தாயோ தந்தையோ 1987க்கு முன் முகாமில் பிறந்தவரா என்றும் பாருங்கள். அவர் பிறப்பால் இந்தியர் என்றால் உங்கள் கணக்கும் மாறும். 2004க்குப் பின் பிறந்தவர்களுக்குக் கதவு இன்னும் ஒடுக்கம்: பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறி என்ற வகையில் வந்தால் மற்றவர் இந்தியராக இருந்தும் பயனில்லை.

மருத்துவமனைப் பிறப்புப் பதிவு, முகாம் பதிவேட்டின் நகல், முதல் வகுப்புச் சேர்க்கைப் பதிவு, மூன்றிலும் தேதியும் பெயரின் எழுத்தும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எங்காவது பிசகினால் பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்கு முன்பே திருத்திக்கொள்ளுங்கள். மாவட்ட இலவசச் சட்ட உதவி மையம் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. போகும்போது மூலச் சான்றுகளை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், நகல் மட்டும் கொடுங்கள்.